வித்தியாசமாக இருக்க விருப்பமா?

என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்த சமயம், பல்கலைக்கழகத்தில் எனக்கு உளவியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியை ஒருநாள் போன் செய்தார். திருமணமாகி விருத்தாசலத்துக்கு வந்த பிறகு அவர் என்னை மறந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வினாத்தாளைத் தமிழில் மொழிபெயர்த்து, ஊரில் உள்ள பெண்களிடம் பதில் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். மற்றவர்களைப் போல் இல்லாமல் வேறுபட்டு இருக்க வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வினாத்தாள் அது. யோசிக்காமல் சரி என்றேன். யோசித்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பெரியவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

இன்னொரு காரணமும் இருந்தது. மகள் அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். வரும் ஜூனில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிற, வரிசையில் நிற்கிற, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிற பிள்ளையாக அதற்குள் அவள் மாறிவிட வேண்டும். எனக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான். காலையிலிருந்து இரவு வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று திரும்பினாளா, திரும்பியது என் குரலுக்கா, குக்கர் விசிலுக்கா என்று. கொஞ்ச நேரமாவது வேறு எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

மொழிபெயர்ப்பு எளிதாக முடியும் என்று நினைத்தேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ‘யுனிக்’ என்பது பெருமையான சொல். தமிழில் ‘வேறுபட்டு’ என்று போட்டேன், பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ‘தனித்தன்மையோடு’ என்று போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். “என்னா தன்மைங்க?” என்று கேட்டார். கடைசியில் ‘வித்தியாசமாக’ என்று முடிவு செய்தேன். டி.வி.யில் வித்தியாசமான சமையல் என்கிறார்கள், துணிக்கடை விளம்பரத்தில் வித்தியாசமான டிசைன் என்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே. சமையலுக்கும் துணிக்கும் சொல்வதை மனிதருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் வாங்க என் கணவருக்குத் தெரிந்த ஒருவருடைய பீங்கான் கம்பெனிக்குப் போனேன். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீண்ட ஷெட். மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கட்டைகளை அச்சிலிருந்து எடுத்து, ஓரப் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்கும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். கை, சேலை, புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது பேராசிரியையின் கண்டிப்பு. அடுத்தவர் பதில் காதில் விழக்கூடாது. அதனால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற மூத்த அம்மாவை முதலில் ஷெட்டுக்கு வெளியே கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

“நான் மட்டும் ஏங்க? நான் என்னா தப்பு பண்ணேன்?”

அந்த ஷெட்டில் யாரையாவது தனியாக வெளியே கூப்பிட்டால் அது வேலையிலிருந்து நிறுத்துவதற்காகத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. “இல்லீங்கம்மா, எல்லாரும் இங்கயே உக்காருங்க” என்று சொல்லி நானும் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பேராசிரியையிடம் இதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததால் அவர்களுக்கு நான் டீச்சர் ஆகிவிட்டேன். முதல் வாக்கியத்தைப் படித்தேன். “மற்றவர்களிடமிருந்து வித்தியாசமாக இருக்க விரும்புகிறேன். முழுவதும் சரி, ஓரளவு சரி, சொல்லத் தெரியல, ஓரளவு தப்பு, முழுவதும் தப்பு. இதுல எதும்மா?”

மூத்த அம்மா சாப்பாட்டுக் கையைத் தட்டிலேயே உதறினார். “எனக்கு யாருகிட்டயும் வித்தியாசமே கெடையாது டீச்சர். எல்லாருகிட்டயும் ஒண்ணாத்தான் பழவுறேன். யாரு வந்து உங்ககிட்ட சொன்னா?”

இந்தப் பக்கத்தில் வித்தியாசம் என்றால் மனவருத்தம். ரெண்டு பேருக்குள்ள வித்தியாசம் வந்துடுச்சி என்றால் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று பொருள். நான் அதை விளக்குவதற்குள் பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட அக்கா முந்திக்கொண்டார்.

“அவங்களுக்கு என்னா போட்டீங்களோ அதயே எனக்கும் போட்டுக்குங்க.”

“அப்படி போடக்கூடாதுங்கக்கா. உங்க சொந்தக் கருத்தா இருக்கணும்.”

“என் சொந்தக் கருத்துதாங்க. அவங்க சொன்னதுதான் என் கருத்து.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு வாக்கியம், மற்றவர்கள் உடுத்துவது போன்ற உடை எனக்குப் பிடிக்காது என்பது. அதைப் படித்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. ஆடித் திருவிழாவுக்கு அந்த ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே கலரில் செட் சேலை எடுத்திருந்தார்களாம். மாம்பழக் கலர், பச்சை பார்டர். போனை வாங்கி வாங்கிப் போட்டோ காட்டினார்கள்.

“இதுல ஒருத்தி மட்டும் வேற கலர்ல வந்து நின்னா எப்பிடி டீச்சர் இருக்கும்? அவளுக்கும் நமக்கும் என்னா சண்டன்னு ஊரே கேக்கும்” என்றார் கண்ணாடி அக்கா.

அன்று வாங்கிய பதில்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ‘முழுவதும் தப்பு’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே கோடு போட்ட மாதிரி என் டிக்குகள். பேராசிரியையிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சொல்தான் சரியில்லை, மாற்றிப் பாருங்கள் என்றார். இருவரும் போனில் நெடுநேரம் பேசி, ‘கூட்டத்தில் தனியாகத் தெரிய விரும்புகிறேன்’ என்று மாற்றினோம். அடுத்த நாள் அதைக் கொண்டுபோனேன்.

ஷெட்டிலேயே இளையவள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.

“தனியாவா? எனக்கு இருக்குதுங்க. ரொம்ப ஆச இருக்குது. முழுசும் சரின்னு பெருசா போடுங்க.”

எனக்கு ஒரு நிமிடம் உற்சாகமாக இருந்தது. மூத்த அம்மா அவள் தோளில் இடித்தார். “யாருகிட்டேருந்துடி தனியா?”

“மாமியாகிட்டேருந்துதான். வந்த மறுமாசத்துலேருந்து தனியா போயிடுவோம்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், எங்கூட்டுக்காரரு காதுலயே வாங்கல. டீச்சர், இதுல எழுதுனா தனி வூடு கெடைக்குங்களா?”

“ஒனக்கு வூடு கெடைக்கும், ஒம் மாமியா வந்து அதுலயும் உக்காந்துக்கும்” என்றார் கண்ணாடி அக்கா. இளையவள் ஸ்பாஞ்சை அவர்மேல் எறிந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பையிலிருந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். அளவுகோலைத் தயாரித்தவர்கள், எல்லா மனிதருக்கும் இந்த ஆசை கொஞ்சமாவது இருக்கும் என்று நம்பித்தான் தயாரித்திருக்கிறார்கள். கூடுதலா குறைவா என்பதுதான் கேள்வி. தெரிந்த ஊரில், தெரிந்த ஷெட்டில், தன் இடம் தனக்கு உண்டு என்று உறுதியாக இருப்பவர்களுக்குத்தானே கூட்டத்திலிருந்து விலகித் தெரியும் ஆசை வரும் என்று அப்போது தோன்றியது. உடனே, அந்தப் பெண்களுக்கு இடம் இல்லையா என்ன, என்னைவிட நன்றாக இருக்கிறதே என்றும் தோன்றியது. எனக்கு எந்த எண்ணமும் முழுதாக நிற்பதில்லை. ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் அதற்கு எதிரானதும் வந்துவிடும்.

நான் ஷெட்டுக்குப் போகும் நேரங்களில் மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். ஒருநாள் அவர் திட்டக்குடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்துவிட்டு எப்படிப் போகாமல் இருப்பது என்றும் நினைத்தேன்.

பெண்கள் அவளைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார்கள். யாரோ பொட்டலத்திலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய், சூளையில் வெந்து வந்த பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் நீளமாக வரிசை வைக்கத் தொடங்கினாள். ஒன்றின் முனை இன்னொன்றைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

“பாத்தீங்களா, வந்த ஒடனே வேல கத்துக்கிச்சி. முதலாளிகிட்ட சொல்லி சம்பளம் வாங்கித் தர்றேன்டா செல்லம்” என்றாள் இளையவள்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாக்கியங்களைப் படித்துக்கொண்டே போனேன். இடையில் மூத்த அம்மா மகளைக் கூப்பிட ஆரம்பித்தார். “பாப்பா. ஏ பாப்பா. இங்க பாரு, தோ பாரு ஆயாவ.” கையைத் தட்டினார். தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். மகள் வரிசையை விட்டு முகத்தைத் தூக்கவில்லை. இளையவள் எழுந்துபோய் அவள் எதிரில் குனிந்து முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். மகள் அந்த முகத்தைக் கதவைப் போல விலக்கிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.

“காது கேக்குதுங்களா?” என்று கண்ணாடி அக்கா மெதுவாகக் கேட்டார்.

“கேக்குதுங்க. டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சி.”

“பேசுதா?”

“கொஞ்சம் லேட்டுங்க. கூச்சம்.”

கண்ணாடி அக்கா கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில்தான் சொன்னார். “பாப்பா கொஞ்சம் வித்தியாசமா இருக்குதுங்களே டீச்சர்.”

அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? கட்டாயம் தெரியும். பிள்ளை வித்தியாசமா இருக்குது என்றால் என்னவென்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். குரலைத் தாழ்த்திச் சொல்கிற சொல் அது. மொழிபெயர்த்தபோது அந்தப் பொருள் என் நினைவுக்கு வரவில்லையா, வரக்கூடாது என்று நானே தள்ளிவைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் இருக்கும், இளையவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “டீச்சர் அதத்தான இத்தன நாளா நம்மளக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வித்தியாசமா இருக்க ஆசயா ஆசயான்னு.”

“வாய மூடுடி” என்றார் மூத்த அம்மா.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவள் கண்ணே கலங்கிவிட்டது. நான் “பரவால்லீங்க” என்று சொல்லி அடுத்த வாக்கியத்தைப் படித்தேன். படித்தது என் காதில் விழவில்லை. கிளம்பும்போது மகளை வரிசையிலிருந்து பிரிக்க முடியவில்லை. அவள் அலறலுக்கு அச்சு வேலை செய்கிற ஆண்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். மூத்த அம்மா இரண்டு கட்டைகளை எடுத்து அவள் கைகளில் திணித்து, “எடுத்துக்கிட்டுப் போவட்டுங்க” என்றார். அதன்பிறகு நான் அந்த ஷெட்டுக்குப் போகவில்லை.

கணவர் திட்டக்குடியில் டிராக்டர் ஷோரூமில் வேலை செய்கிறார். நல்ல விற்பனையாளர். வாங்க வந்தவர் குறையைச் சொல்ல வாயெடுப்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடுவார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சொன்னேன்.

“பியூஸ் கட்ட சீவுறவங்க சொன்னா ஆயிடுச்சா? எங்கண்ணன் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப அவரு வாய மூட வைக்க முடியுதா?”

“ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க.”

“நீ படிச்ச படிப்பு ஒன்ன படுத்துது. எல்லாத்துலயும் எதாச்சும் இருக்குதுன்னு பாக்குற.”

ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நான் படிக்காமல் இருந்திருந்தால் அவளைச் சும்மா வளர்த்திருப்பேனோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பள்ளியில் விண்ணப்பம் வாங்கப் போனபோது அந்த வாதம் முடிவுக்கு வந்தது. மாதா கோயிலை ஒட்டிய பள்ளி. தலைமை சிஸ்டர் மகளிடம் ஒரு பந்தை நீட்டினார், பெயரைக் கேட்டார், பாட்டுப் பாடச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, புதுச்சேரியில் குழந்தைகளைப் பார்க்கிற ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்றார். பணிவாகத்தான் சொன்னார்.

புதுச்சேரியில் எங்களைப் பார்த்த டாக்டர் என்னைவிட இளைய பெண். மகளைப் பொம்மைகளோடு தரையில் விட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில். எப்பவும், பல சமயம், சில சமயம், எப்பவாச்சும், இல்லவே இல்லை. இந்தக் கட்டங்கள் எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

“எதாச்சும் வேணும்னா பாப்பா விரலால காட்டுவாங்களா?”

“காட்டுவா மேடம்” என்றார் கணவர். “பிரிட்ஜுகிட்டயே கூட்டிட்டுப் போயிக் காட்டுவா.”

“விரலால இல்லீங்க” என்றேன். “என் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயி, என் கையாலதான் எடுப்பா.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார் கணவர். அந்தப் பெண் என் பதிலைத்தான் குறித்துக்கொண்டார்.

அப்படியே போயிற்று. கணவர் ஒன்று சொல்வார், நான் இல்லை என்பேன். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா என்றால், தெருவில் ஓடிக்கொண்டே இருப்பாள் மேடம் என்பார். அவள் ஓடுவாள், ஆனால் அவர்களோடு இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் பிள்ளையை நானே ஒரு படி வெளியே தள்ளுவது போலிருந்தது. ஒரு கேள்விக்கு என்னால் முடியவில்லை. “மத்த அம்மாங்க இதுக்கு என்னா மேடம் சொல்லுவாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“மத்தவங்கள விடுங்க. உங்க பொண்ணப் பத்தி மட்டும் சொல்லுங்க” என்றார் அவர். ஷெட்டில் நான் பேசிய அதே குரல்.

பிறகு அவர் கேட்டார். “நீங்க அழுதா பாப்பா வந்து பார்ப்பாங்களா?”

“இவ அழவே மாட்டா மேடம். தைரியமானவ” என்று கணவர் சிரித்தார்.

“அழுதிருக்கேங்க” என்றேன். “அவ முன்னாடியே ஒக்காந்து அழுதிருக்கேன். என்னத் தாண்டி ஜன்னலுக்குப் போயிட்டா.”

கணவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அழுதேன் என்பது அவருக்குப் புதிய செய்தி. அதற்குப் பிறகு அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

ஆட்டிசம் இருப்பதாகத் தெரிகிறது என்றார் அந்தப் பெண். பயிற்சிகள் இருக்கின்றன, சீக்கிரமாகவே வந்திருக்கிறீர்கள், நம்பிக்கையோடு இருங்கள் என்றார். எழுதியும் கொடுத்தார். பஸ்ஸில் மகள் அப்பாவின் மடியில் தூங்கினாள். நெய்வேலி தாண்டியதும் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீதான் சொல்லி எழுத வச்ச.”

“உண்மையத்தாங்க சொன்னேன்.”

“யாரு இல்லன்னா? ஒரு ரெண்டுலயாவது சில சமயம்னு சொல்லியிருக்கலாம்ல.”

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. நான் அதிகமாகச் சொல்லிவிட்டேனா? பரீட்சையில் முழுப் பதிலும் எழுத வேண்டும் என்று எழுதுகிற மாணவியைப் போல அங்கே உட்கார்ந்திருந்தேனா? சில சமயம் அவள் திரும்பிப் பார்த்ததும் உண்டுதானே. நாய்க்குட்டி வந்த அன்று என் விரலைப் பிடித்தாளே. அதை ஏன் நான் சொல்லவில்லை? அவர் குறைத்ததைச் சரிக்கட்ட நான் கூட்டினேனா? அளப்பதைப் பற்றிப் படித்தவள் நான். கேட்கிற இடத்தில் மனிதர் எப்படிப் பதில் சொல்வார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். என் பதில் எவ்வளவு உண்மை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பேச்சு சாமான் வாங்குவதைப் பற்றியும் கேஸ் புக் செய்வதைப் பற்றியும் மட்டும்தான்.

அந்த வாரத்தில் பேராசிரியை பேசினார். நான் அனுப்பிய பதில்களை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள், இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது, கல்லூரி மாணவிகளிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றார். “உங்க மேல தப்பில்லம்மா” என்றார். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்ட தப்பு என் மேல்தான் என்று சொல்ல நினைத்தேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்ததைச் சிஸ்டர் படித்துவிட்டு, சேர்த்துப் பார்ப்போம், முடியவில்லை என்றால் அப்போது பேசுவோம் என்றார். காலையில் கொண்டுவிட்டு, இடைவேளை முடிந்ததும் அழைத்துப் போக வேண்டும். நான் கைகூப்பினேன். கணவர் அன்றே யூனிபார்ம் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, கருநீலப் பினோபார்ம். காலரின் உள்பக்கத்து லேபிள் அவள் கழுத்தில் பட்டால் கத்துவாள் என்று அதைப் பிரித்துவிட்டேன்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரே உடையில் பிள்ளைகள் கும்பலாக வெளியே வரும்போது மற்ற அம்மாக்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். “எங்கடி ஒன்னுது, என்னுத காணலியே” என்பார்கள். அப்படி ஒருநாள் நான் என் பிள்ளையைத் தேட வேண்டும். எது அவள் என்று தெரியாமல் ஒரு நிமிடம் தவிக்க வேண்டும். நடக்கவில்லை. இடைவேளையில் கேட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி நின்றாலும் எனக்கு உடனே தெரிந்துவிடும். எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் சுவரோரமாகக் குதிகாலைத் தூக்கி நடந்துகொண்டிருக்கும்.

ஆனாலும் அவள் பள்ளிக்குப் பழகினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு, யூனிபார்ம் போட்டு, ஷூவை மாட்டி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் போட்டால் அடுத்தது பள்ளி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரிசை அவளுக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் யாரோடும் பேசமாட்டாள், பாட்டுக்குக் கை தட்டமாட்டாள், பெஞ்சின் அடியில் உட்கார்ந்திருப்பாள் என்று மிஸ் சொன்னார். ஆனால் காலையில் வாசலில் முதலில் நிற்பது அவள்தான்.

ஒருநாள் மாலை அந்த மிஸ் போன் செய்தார். சின்னப் பெண், இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். கொஞ்ச நேரம் பொதுவாக விசாரித்தார். பிறகு சொன்னார்.

“நாளைக்கு குரூப் போட்டோ எடுக்குறாங்கம்மா. கேமராக்காரரு கடலூர்லேருந்து வர்றாரு, ரொம்ப நேரம் நிக்க வைப்பாங்க. பாப்பாவால முடியாது, அழுவா. பாக்கவே பாவமா இருக்கும். அதனால...”

“சரிங்க மிஸ்.”

“நாளைக்கு மட்டும் லீவு போட்டுக்குங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லீங்க மிஸ். அதுல என்னா இருக்குது. நீங்க சொன்னதே நல்லதாப் போச்சி. தேங்க்ஸ்ங்க.”

போனை வைத்த பிறகுதான் நன்றி சொன்னது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு, நான் கூட வந்து நிற்கிறேன், ஓரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவள் அழுதால் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சேர்த்துக்கொண்டதே பெரிது, இதற்கும் சண்டை போட்டால் நாளைக்கு முடியாது என்றுவிடுவார்களே என்று நினைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

காலையில் அவர் திட்டக்குடி பஸ்ஸுக்குப் போன பிறகு மகளுக்கு வீட்டு கவுனைப் போட்டுவிட்டேன். அவள் அதை இழுத்துக் கழற்றினாள். அலமாரியின் முன்னால் போய் நின்று என் கையைப் பிடித்து யூனிபார்ம் இருந்த தட்டின் மேல் வைத்தாள்.

“இன்னிக்கு லீவுடா கண்ணு. ஸ்கூல் இல்ல.”

மறுபடியும் கையைப் பிடித்து வைத்தாள். நான் எடுக்கவில்லை. அவள் அலறத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்றார். இல்லை என்றேன். பிறகு யூனிபார்மைப் போட்டுவிட்டேன். போட்டதும் அழுகை நின்றது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஷூவையும் மாட்டினேன். தண்ணீர் பாட்டிலை அவளே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் போய் எனக்காக நின்றாள்.

கதவைப் பூட்டிக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினேன். முனை வரை வழக்கம் போல நடந்தாள். அங்கே இடது பக்கம் திரும்பினால் பள்ளி. மாதா கோயில் மணிக்கூண்டு அங்கிருந்தே தெரியும். வெள்ளை சாக்ஸ், புது ரிப்பன் கட்டிய பிள்ளைகள் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இவளைப் பார்த்து டாட்டா காட்டினார்கள். மகள் இடது பக்கம் திரும்பி என் கையை இழுத்தாள். நான் நின்றேன். அவள் திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். நான் எத்தனையோ நாள் காத்திருந்த பார்வை.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு எதிர்ப்பக்கமாக, பாலக்கரையை நோக்கி நடந்தேன். அவள் என் தோளுக்கு மேலே எம்பி, பள்ளி இருக்கும் பக்கத்தையே பார்த்துக் கத்திக்கொண்டு வந்தாள். ஷூ காலால் என் வயிற்றில் உதைத்தாள். எதிரே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “பாப்பா ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அடம் புடிக்குதுங்களா?” என்று சிரித்தார்.

“ஆமாங்க” என்றேன்.